எல்லை கடந்த கூட்டுறவு: ரூர் பிரதேச நகரங்களின் அனுபவம்

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. நூல் இருப்பும் துணி இருப்பும் ஏட்டோடு ஒத்திருந்தன. பணி முடிந்து புறப்படும் வேளையில், பக்கத்து ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து நின்றார். அவர் விவசாயி, தம் ஊர்க் கடன் சங்கத்தின் உறுப்பினர். சங்கத்தின் சாயப்பட்டறையிலிருந்து வெளியேறும் நீர் வாய்க்கால் வழியாகத் தம் ஊர்க் குளத்தில் கலக்கிறது என்பது அவருடைய முறையீடு.

சங்கத் தலைவர் மரியாதையாகவே மறுமொழி கூறினார்: “ஐயா, எங்கள் ஊர் எல்லை அந்தப் புளியமரத்தோடு முடிகிறது. அதற்கப்பால் நடப்பதற்கு எங்கள் சங்கமும் பொறுப்பன்று. எங்கள் பஞ்சாயத்தும் பொறுப்பன்று.”

பெரியவர் எம் பக்கம் திரும்பினார். “இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் சொல்லுங்கள்” என்றார். எம்மிடம் அப்போது விடை இல்லை. தலைவர் கூறியது உபவிதிப்படி சரியே. சங்கத்தின் செயல் எல்லை இன்ன ஊர் என்று எழுதி, அதற்குள் நின்று பணியாற்றுமாறு வற்புறுத்துகிறவர்கள் நாமே. ஆயினும் பெரியவரின் குளத்து நீர் நிறம் மாறியிருப்பதும் உண்மையே. இருவர் கூறுவதும் உண்மையாயிருக்க, குளம் மட்டும் கெடுவானேன்?

நீர் எல்லைக்கல்லைக் கண்டு நிற்பதில்லை. சாலையும் நிற்பதில்லை, புகையும் நிற்பதில்லை. ஓர் ஊர் தன் எல்லைக்குள் எவ்வளவு செம்மையாக நிர்வாகம் நடத்தினாலும், பல ஊர்கள் சேர்ந்தே தீர்க்கக்கூடிய காரியங்கள் சில உண்டு. இவ்வுண்மையைப் பெருந்துன்பத்தின் மூலம் கற்றுக்கொண்ட ஒரு நாட்டுப்பகுதியின் வரலாற்றை இம்மாதம் உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அது மேற்கு ஜெர்மனியிலுள்ள ரூர் பிரதேசம்.

கூட்டுறவாளர்களாகிய நமக்கு அத்திசை புதிதன்று. பிரெடெரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி, சென்னை அரசாங்கத்தின் கட்டளைப்படி ஐரோப்பியக் கூட்டுறவு முறைகளை ஆராய்ந்து 1895-லும் 1897-லும் அறிக்கைகள் அளித்தார். ரைன் நதிக்கரை நாட்டில் ரைபைசன் தோற்றுவித்த கிராமக் கடன் சங்கங்களே நமக்கு ஏற்றவை என்பது அவர் கண்ட முடிவு. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திற்கு அவ்வறிக்கைகள் வழிகோலின. அதே ரைன் நதியில், ரைபைசனின் ஊருக்கு வடக்கே சற்றுத் தொலைவில் கலக்கும் ஆறுகளின் நாடுதான் நாம் கூறப்போகும் ரூர் பிரதேசம்.

மூன்று ஆறுகளின் நாடு

தெற்கே ரூர் ஆறு. வடக்கே லிப்பே ஆறு. இரண்டிற்கும் நடுவே எம்ஷர் என்னும் சிற்றாறு. மூன்றும் மேற்கு நோக்கி ஓடி ரைனில் கலக்கின்றன. இந்நிலத்தின் அடியில் நிலக்கரி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைக்காலம் வரை சிற்றூர்களாய் இருந்தவை, சுரங்கங்களும் இரும்பாலைகளும் தோன்றியபின் சில பத்தாண்டுகளில் பெருநகரங்களாயின. டார்ட்மண்ட், போஹும், கெல்சன்கிர்ஹென், எஸ்ஸன், பாட்ராப், ஓபர்ஹவுசன், டூயிஸ்பர்க் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்தன. இன்று 53 ஊர்களும் நகரங்களும் அடங்கிய அப்பிரதேசத்தில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர்.

நகரங்கள் ஒட்டி வளர்ந்தனவே தவிர, ஒன்றி வளரவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி நகராட்சி, தனித்தனி வரி. தலைமடையிலுள்ள ஊர் தன் கழிவை எம்ஷரில் விட்டது. கடைமடையிலுள்ள ஊர் அதனை ஏற்றுத் தன் கழிவையும் சேர்த்து அடுத்த ஊருக்குத் தள்ளிற்று. இதற்குமேல் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. அடியில் கரி தோண்டத் தோண்ட மேலே நிலம் தாழ்ந்தது. வாட்டம் கெட்டதால் ஆற்றுநீர் ஓடாமல் தேங்கிற்று. தேங்கிய சாக்கடை மழைக்காலத்தில் தெருக்களிலும் வீடுகளிலும் புகுந்தது. 1901-ஆம் ஆண்டில் கெல்சன்கிர்ஹெனில் குடிநீர் மாசுபட்டு விஷக்காய்ச்சல் பரவியபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். செல்வம் கொழித்த நாட்டில், குடிக்கும் நீரே எமனாயிற்று.

கழிவுநீருக்கு ஒரு கூட்டுறவு

இத்துன்பத்தை ஓர் ஊர் தனியே தீர்க்க இயலாது என்பது அதற்குச் சற்று முன்னரே தெளிவாகியிருந்தது. 1899-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் போஹும் நகரில் ஊராட்சிகள், சுரங்கங்கள், ஆலைகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடி, எம்ஷர் ஆற்றுக்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். அதன் பெயர் எம்ஷர்கெனோசன்ஷாப்ட். ‘கெனோசன்ஷாப்ட்’ என்னும் ஜெர்மன் சொல்லின் பொருள் கூட்டுறவுச் சங்கம் என்பதேயாகும். 1904-இல் இதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது.

இச்சங்கத்தின் அமைப்பை நம் உறுப்பினர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஆற்றைக் கெடுப்பவரும், ஆறு சீர்பெறுவதால் பயனடைபவரும் உறுப்பினராவர். எவர் எவ்வளவு கெடுக்கிறாரோ, எவர் எவ்வளவு பயன் பெறுகிறாரோ, அவ்வளவுக்கேற்ப ஆண்டுதோறும் சந்தா விதிக்கப்படும். விதித்தது மிகையென்று கருதுவோர் மேல்முறையீடு செய்துகொள்ளலாம். ஊரின் எல்லை எதுவென்ற கேள்வி இங்கே எழவே இல்லை. ஆற்றின் நீர்ப்பிடிப்பு நிலம் முழுவதுமே சங்கத்தின் செயல் எல்லை.

இதில் நம் கொள்கையினின்று மாறுபட்ட இரு கூறுகள் உள்ளன. அவற்றை மறைப்பது முறையன்று. நம் சங்கங்களில் சேர்வது அவரவர் விருப்பம். எம்ஷர் சங்கத்திலோ சட்டப்படி கட்டாயம். நமக்கு ஆளுக்கு ஒரு வாக்கு. அங்கே சந்தாவின் அளவுக்கேற்ப வாக்கு. கட்டாயம் ஏன் வேண்டியதாயிற்று? சேராமல் ஒதுங்கி நிற்கும் ஓர் ஊர், செலவில் பங்கு கொள்ளாமலே தூய ஆற்றின் பயனை அடையும். அதைக் கண்டு மற்ற ஊர்களும் ஒதுங்கும். முடிவில் எவரும் எஞ்சார். சிறுவர்த்தகக் கடையில் சேராதவனுக்குப் பொருள் இல்லை என்று கூறிவிடலாம். ஓடும் ஆற்றில் அவ்வாறு கூற இயலாது. ஆகவே, காரியத்தின் தன்மைக்கேற்பவே கூட்டுறவின் வடிவமும் அமைய வேண்டும் என்பது நாம் பெறும் முதற் பாடம்.

அக்காலத்தில் நிலத்தடியில் குழாய் பதிக்க முடியவில்லை. நிலம் தாழத் தாழக் குழாய் உடைந்துவிடும். ஆகவே எம்ஷரையும் அதன் கிளைகளையும் நேராக்கி, கரைகட்டி, திறந்த சாக்கடை வாய்க்கால்களாகவே அமைத்தனர். நிலம் தாழ்ந்ததற்கேற்ப ஆற்றின் முகத்துவாரத்தை 1910-லும் 1949-லும் வடக்கே தள்ளி அமைத்தனர். இச்சங்கத்தில் பணியாற்றிய கார்ல் இம்ஹாப் என்னும் பொறியியலறிஞர் கண்டுபிடித்த கழிவுநீர்த் தொட்டி, இன்றும் அவர் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. நோய் நீங்கியது; ஆனால் ஆறு ஆறாக இருக்கவில்லை. மூன்று தலைமுறையினர் அதன் நாற்றத்தோடு வாழ்ந்தனர். ரூர் ஆற்றைக் குடிநீருக்குக் காக்கும் பொருட்டு எம்ஷரைக் கழிவுக்கு ஒப்படைத்ததன் விலை அது.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து, நிலம் தாழ்வது நின்றபின், அதே சங்கம் தன் பழைய வேலையைத் தானே மாற்றத் துணிந்தது. 1992-இல் தொடங்கிய பணியில், டார்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் நீளத்திற்குப் பெருங்குழாய் பதிக்கப்பட்டது. சில இடங்களில் அது 40 மீட்டர் ஆழத்தில் செல்கிறது. முப்பது ஆண்டுகளில் ஆன மொத்தச் செலவு சுமார் 550 கோடி யூரோ. 2021-ஆம் ஆண்டின் முடிவில் எம்ஷரில் சாக்கடை விழுவது நின்றது. கரைகளில் இன்று மரங்கள் வளர்கின்றன, மீன்கள் திரும்பியுள்ளன. எந்த ஒரு நகராட்சியும் தனியே எண்ணிப் பார்க்கவும் அஞ்சும் காரியம் இது.

நிலத்திற்கு ஒரு திட்டம்

நீருக்குக் கண்ட வழியை நிலத்திற்கும் கண்டனர். முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மனி நட்ட ஈடாக நிலக்கரி கொடுக்க வேண்டியிருந்தது. கரி வெட்டப் புதிதாக வரும் தொழிலாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வீடுகள் வேண்டும். ஒவ்வொரு நகரமும் தன் மனம்போனபடி வீடு கட்டினால் சாலைக்கும் இடமிராது. மூச்சு விடவும் இடமிராது. எனவே 1920-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், ரூர் நிலக்கரிப் பிரதேசக் குடியமைப்புச் சங்கம் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. எஸ்ஸன் நகரில் கட்டடப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த ராபர்ட் ஷ்மிட் அதன் முதல் இயக்குநரானார்.

நகரங்களுக்கு நடுவே வடக்கு-தெற்காகப் பசுமைப் பட்டைகளை விட்டு வைப்பது, நகரங்களை இணைக்கும் சாலைகளுக்கு முன்கூட்டியே நிலம் ஒதுக்குவது, காடுகளைக் காப்பது ஆகியவை இச்சங்கத்தின் வேலைகளாயின. 1966-இல் இது வெளியிட்ட பிரதேசத் திட்டம், ஜெர்மனியில் சட்ட வலுப்பெற்ற முதல் பிரதேசத் திட்டமாகக் கருதப்படுகிறது. இன்று அப்பகுதிக்குச் செல்வோர், கரிச்சுரங்க நாட்டில் இவ்வளவு பசுமையா என வியப்பர். அப்பசுமை தற்செயலாய் அமைந்ததன்று. நூறாண்டுகளுக்கு முன் வரைபடத்தில் கோடு கிழித்து, ‘இங்கே கட்டாதே’ என்று கூறியதன் பயன்.

ஆனால் இவ்வரலாற்றில் ஒரு சறுக்கலும் உண்டு. 1975-இல் திட்டமிடும் அதிகாரம் இச்சங்கத்திடமிருந்து எடுக்கப்பட்டு, மூன்று தனித்தனி மாவட்ட நிர்வாகங்களுக்குப் பங்கிடப்பட்டது. ஒன்றாயிருந்த பிரதேசத்தின் எதிர்காலத்தை மூன்று அலுவலகங்கள் மூன்று மேசைகளில் வைத்து எழுதலாயின. தவறு உணரப்பட்டு அவ்வதிகாரம் மீண்டும் கைக்கு வந்தது 2009-இல். இடையே கழிந்தவை முப்பத்து நான்கு ஆண்டுகள். இன்று ரூர் பிரதேசச் சங்கம் எனப் பெயர் பெற்றுள்ள அவ்வமைப்பின் பேரவைக்கு, 2020 செப்டம்பரில் மக்கள் முதன்முறையாக நேரடியாக வாக்களித்தனர். முழுப் பிரதேசத்திற்குமான புதிய திட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. கூட்டு அமைப்பை உருவாக்குவதைக் காட்டிலும், அதனைக் காப்பது அரிது என்பதை இதனால் அறிகிறோம்.

ஒரே பிரயாணச் சீட்டு

போக்குவரத்துக்கு வருவோம். நகரங்கள் தனித்தனியே டிராம் வண்டி விட்டன. எஸ்ஸனிலும் போஹுமிலும் ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம். டார்ட்மண்டிலும் டூயிஸ்பர்கிலும் அதைவிட அகலமான தண்டவாளம். தொடக்கத்தில் எவரும் இதைப் பெரிதாக எண்ணவில்லை. பக்கத்து நகரத்தோடு இணைக்க வேண்டிய நாள் வந்தபோதுதான், ஒரு நகரத்தின் வண்டி அடுத்த நகரத்துக்குள் செல்லாது என்பது உறைத்தது. 1960-களின் இறுதியில் எல்லா நகரங்களையும் ஒரே அமைப்பில் இணைக்கப் பெருந்திட்டம் வகுத்தனர். செலவு மிகுந்ததால் அது முழுமை பெறவில்லை. முல்ஹைம் நகரில் இருவகைத் தண்டவாளங்களும் இன்றும் உள்ளன. பாவு போடும்போது நேர்ந்த பிழையைத் தறியில் ஏற்றியபின் திருத்துவது எவ்வளவு கடினம் என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

தண்டவாளத்தை ஒன்றாக்க இயலாவிடினும், சீட்டை ஒன்றாக்க இயலும் என்பதைப் பின்னர் கண்டனர். 1965-இல் ஹாம்பர்க் நகரம் இதற்கு வழிகாட்டியது. 1980 ஜனவரி முதல் நாளன்று ரைன்-ரூர் போக்குவரத்துக் கூட்டமைப்பு வேலை தொடங்கிற்று. அதற்கு முன் ஒரு பிரயாணி வேலைக்குச் செல்லப் பேருந்துக்கு ஒரு சீட்டு, டிராமுக்கு ஒரு சீட்டு, இரயிலுக்கு ஒரு சீட்டு என வாங்க வேண்டும். அதன்பின் ஒரே சீட்டு, ஒரே கட்டண முறை. வசூலாகும் பணம் நிறுவனங்களுக்குள் பங்கிடப்படுகிறது. வருமானம் போதாத இடத்தை நகரங்களும் மாவட்டங்களும் ஈடு செய்கின்றன. வண்டிகள் பழைய நிறுவனங்களிடமே இருந்தன. சீட்டும் கட்டணமும் மட்டும் பொதுவாயின. இன்று 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பரப்பில் இம்முறை நடைபெறுகிறது.

இது நமக்குப் பழக்கமான முறையே. 1935-இல் நம் மாகாணத்து நெசவாளர் சங்கங்கள் தலைமைச் சங்கம் ஒன்றை அமைத்தபோது, எச்சங்கமும் தன் தறிகளைக் கைவிடவில்லை. தறி அவரவருடையதாகவே இருந்தது, விற்பனை பொதுவாயிற்று. இன்றைய கோ-ஆப்டெக்ஸ் அவ்வாறு பிறந்ததே.

எரிபொருளில் சிக்கனம்

2018 டிசம்பரில் பாட்ராப் நகரின் சுரங்கம் மூடப்பட்டது. ஜெர்மனியின் கடைசிக் கற்கரிச் சுரங்கம் அதுவே. கடைசியாக வெட்டிய கரித்துண்டைத் தொழிலாளர்கள் நாட்டின் குடியரசுத் தலைவரிடம் அளித்தனர். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நகரம் வேறொரு பாதையில் அடியெடுத்து வைத்திருந்தது.

பிரதேசத்தின் தொழில் நிறுவனங்கள் சேர்ந்து 2010-இல் நகரங்களுக்கிடையே ஒரு போட்டி வைத்தன. எரிபொருட் செலவைக் குறைத்து, பத்தாண்டுகளில் கரியமில வாயுவைப் பாதியாக்கும் நகரம் எது? பதினாறு நகரங்கள் போட்டியிட்டன, பாட்ராப் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுமார் 70,000 மக்கள் வாழும் பகுதியில் வேலை தொடங்கிற்று. அதில் பெரிய மந்திரம் எதுவுமில்லை. வீட்டுக்காரர்களை அழைத்து, எந்தச் சுவர் வழியே வெப்பம் வீணாகிறது, எந்தச் சன்னலை மாற்றினால் எவ்வளவு மிச்சம், எந்தக் கொதிகலன் பழையது என்று கட்டணமின்றி யோசனை கூறினர். யோசனை கேட்டவர்களில் பலர் வீட்டைச் செப்பனிட்டனர். நாடு முழுவதும் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு வீடு என்ற அளவில் நடந்த வேலை, அங்கே நூற்றுக்கு மூன்று என்ற அளவில் நடந்தது. 2020-இல் கணக்கிட்டபோது, கரியமில வாயு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அங்குக் கற்ற முறை பின்னர்ப் பிரதேசத்தின் பிற நகரங்களுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது.

எம்ஷர் சங்கமும் பின்தங்கவில்லை. பாட்ராப்பிலுள்ள அதன் கழிவுநீர் நிலையம், கழிவிலிருந்து எழும் வாயுவாலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் தனக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்குகிறது. கழிவு ஒரு காலத்தில் ஊரைக் கொன்றது; இன்று விளக்கை ஏற்றுகிறது.

நாம் கொள்ள வேண்டியவை

இவற்றையெல்லாம் கூறியது, அந்நாட்டைப் புகழ்வதற்காக அன்று. அவர்களும் தவறினர், தாமதித்தனர். டூயிஸ்பர்கிலிருந்து ஹாம் வரை நூறு கிலோமீட்டருக்கு வகுத்த மிதிவண்டிப் பாதையின் முதற்பகுதி 2015-இல் திறக்கப்பட்டது. பெரும்பகுதி இன்னும் முடியவில்லை. பல நகரங்கள் சேர்ந்து செய்யும் காரியம் மெல்லவே நடக்கும். ஆயினும் தனித்தனியே செய்த காரியம் நடக்கவே இல்லை என்பதையும் அவ்வரலாறே காட்டுகிறது.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. 1992-ஆம் ஆண்டின் 74-வது அரசியலமைப்புத் திருத்தம், ஒவ்வொரு மாவட்டத்திற்கும் ஒரு திட்டக் குழு அமைய வேண்டுமெனக் கூறுகிறது. பஞ்சாயத்துகளும் நகராட்சிகளும் வகுக்கும் திட்டங்களை ஒன்றுசேர்க்கும்போது, நிலப் பயன்பாடு, நீர்ப் பங்கீடு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு போன்ற பொதுக் காரியங்களை அக்குழு கருத வேண்டுமென்றும் விதித்திருக்கிறது. கதவு இருக்கிறது, தட்டுவோர் வேண்டும்.

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை மூன்று எனக் கருதுகிறோம். முதலாவது, ஒரே வாய்க்காலை, ஒரே சாலையை, ஒரே சந்தையைப் பயன்படுத்தும் சங்கங்களும் பஞ்சாயத்துகளும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒன்றாகக் கூட வேண்டும்; நெசவாளரும் விவசாயியும் ஒரே பாயில் அமர வேண்டும். இரண்டாவது, செலவைப் பங்கிடும்போது ‘எவர் பணக்காரர்’ என்று கேளாமல், ‘எவரால் எவ்வளவு கேடு, எவருக்கு எவ்வளவு நன்மை’ என்று கேட்க வேண்டும். அக்கணக்கு ஏட்டில் எழுதப்பட்டு, எவரும் பார்வையிடத்தக்கதாய் இருத்தல் வேண்டும். மூன்றாவது, கிணறு, கட்டடம், குழாய், சாலை எதுவாயினும், தொடங்குமுன் அடுத்த ஊரைக் கலந்துகொள்ள வேண்டும். அகலம் மாறிய தண்டவாளம் நமக்கு எச்சரிக்கையாகட்டும்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன், தொடக்கத்தில் கூறிய ஊருக்கு மீண்டும் சென்றோம். தலைவரையும் பெரியவரையும் ஒன்றாக அமர்த்தி, எம்ஷரின் கதையைக் கூறினோம். தலைவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “சாயத் தொட்டிக்கு ஆகும் செலவு முழுவதையும் எங்கள் சங்கம் தாங்காது, ஐயா” என்றார். “முழுவதையும் தாங்கும்படி நானும் கேட்கவில்லை, தம்பி, எங்கள் ஊரும் ஒரு பங்கு போடும்” என்றார் பெரியவர். பங்கு எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை. இரு ஊர்ச் சங்கங்களின் மகாசபைகளிலும் அப்பொருள் அடுத்த கூட்டத்தில் விவாதத்திற்கு வரவிருக்கிறது. குளம் இன்னும் தெளியவில்லை. ஆனால் புளியமரத்துக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒரே கணக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியுள்ளனர். கூட்டுறவு என்பது அவ்விடத்திலேயே தொடங்குகிறது.